6. முதல் வெளியீட்டில் ஓடிய படம்

சென்ற அத்தியாயத்தில் கல்யாண வீடியோ கேசட்டைக் கணினிக்கு மாற்றுவது வரை வந்தோம். இனி பெரிய வேலை. ஒரு முழுநீளப் படத்தை, அது முதன்முதலில் கொட்டகைக்கு வந்தபோது எப்படி இருந்ததோ அப்படியே மீட்க வேண்டும். மாதிரிக்கு 'கலை அரசி'யை எடுத்துக்கொள்கிறேன். 1963-இல் வந்த படம். ஏ. காசிலிங்கம் இயக்கம், கே.வி. மகாதேவன் இசை, எம்.ஜி.ஆர்., பானுமதி, நம்பியார் நடிப்பு. வேற்றுக் கிரகத்துக்காரர்கள் தங்கள் ஊருக்கு இசை வேண்டும் என்று பூமிக்கு வந்து பானுமதியைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். விவசாயியான கதாநாயகன் விண்கலம் ஏறிப் பின்னாலேயே போய் மீட்கிறார். நிலவில் மனிதன் கால் வைக்க இன்னும் ஆறு ஆண்டு இருந்த காலம் அது. அதற்கு முன்னால் தமிழில் அறிவியல் புனைவு என்று தேடினால், மாடர்ன் தியேட்டர்ஸ் அமெரிக்க நிறுவனத்தோடு சேர்ந்து எடுத்த 'காடு' (1952) பக்கத்தில் வரும். அதில் விண்வெளி கிடையாது. யானைக்கு மயிர் ஒட்டி மாமத் ஆக்கியிருப்பார்கள்.

இந்தப் படத்தை எடுத்துக்கொண்டதற்கு ரசனை ஒரு காரணம் என்றால், சட்டம் இன்னொரு காரணம். 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி ஒரு திரைப்படத்தின் உரிமை, அது வெளியான ஆண்டுக்கு அடுத்த ஜனவரியிலிருந்து 60 ஆண்டு செல்லும். 1963 படத்துக்கு அது 2023 டிசம்பர் 31-உடன் முடிந்தது. 'உலகம் சுற்றும் வாலிபன்' 1973 படம். 2033 முடியும்வரை அதைத் தொடாதீர்கள். ஆனால் முடிந்தது திரைப்படத்தின் உரிமை மட்டுமே. பாட்டு, இசை, கதை ஆகியவற்றுக்குப் படைத்தவர் மறைந்த பிறகு 60 ஆண்டு என்று தனிக் கணக்கு இருக்கிறது. கே.வி. மகாதேவன் மறைந்தது 2001-இல். ஆகவே வீட்டில் உட்கார்ந்து மீட்பது வேறு, ஊரைக் கூட்டித் திரையிடுவது வேறு. இரண்டாவதற்கு முன்னால் பதிப்புரிமை தெரிந்த வழக்கறிஞர் ஒருவரைக் கேட்டுவிடுங்கள்.

எதை மீட்கப்போகிறோம் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். எடுத்துக்காட்டாக, அமெரிக்காவில் 'ஸ்டார் வார்ஸ்' 1977-இல் வெளியானது. 1997-இல் அதன் இயக்குநர் ஜார்ஜ் லூகாஸே கணினி உருவங்களைச் சேர்த்து, சில காட்சிகளை மாற்றி மறுவெளியீடு செய்தார். அதன்பின் கடைகளில் வந்ததெல்லாம் பெரும்பாலும் மாற்றிய வடிவம்தான். பழையதே வேண்டும் என்ற ரசிகர்கள் இரண்டு வழியில் இறங்கினார்கள். செக் நாட்டு ரசிகர் பீட்டர் ஹர்மாசெக், கிடைத்த வடிவங்களிலிருந்து காட்சி காட்சியாக எடுத்துக் கோத்து, சேர்த்தவற்றை நீக்கினார். இன்னொரு குழு 1977-இன் 35 மி.மீ. பிரிண்டையே தேடிப் பிடித்து ஸ்கேன் செய்தது. உரிமை இன்னும் நிறுவனத்திடம் இருக்கும் படத்தை இப்படிச் செய்வது சட்டச் சிக்கல். அதை இங்கே யாரும் பின்பற்ற வேண்டாம். அவர்கள் வேலை செய்த ஒழுங்கை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்: சந்தேகம் வரும் ஒவ்வோர் இடத்திலும் அவர்கள் கேட்ட கேள்வி 'எது அழகு?' அல்ல, 'அன்றைக்குத் திரையில் என்ன ஓடியது?' என்பதுதான்.

நம் ஊர் வழக்கம் வேறு. 2012-இல் 'கர்ணன்' டிஜிட்டலில் புதுப்பிக்கப்பட்டு வந்து நூறு நாளைத் தாண்டி ஓடியது. 2014-இல் 'ஆயிரத்தில் ஒருவன்' இன்னும் நன்றாக ஓடியது. பழைய படத்துக்குக் கூட்டம் வரும் என்று காட்டியதற்காக அந்த முயற்சிகளைப் பாராட்ட வேண்டும். ஆனால் இந்த வகை மறுவெளியீடுகளில் படத்தை அகலத்திரைக்கு இழுப்பதும், ஒற்றைத் தட ஒலியைப் பல தடமாகப் பிரிப்பதும் விற்பனைக்காகச் செய்வது. அறுபதுகளின் தொடக்கத்தில் தமிழ்ப் படங்கள் ஏறக்குறைய சதுரமான சட்டகத்தில், 1.37-க்கு 1 என்ற விகிதத்தில் எடுக்கப்பட்டன; தமிழின் முதல் சினிமாஸ்கோப் படம் 'ராஜராஜ சோழன்' வந்ததே 1973-இல். அந்தச் சட்டகத்தை இன்றைய தொலைக்காட்சியின் அகலத்துக்கு நிரப்பினால் படத்தில் கிட்டத்தட்ட கால் பங்கு மேலும் கீழும் வெட்டுப்படும். எம்.ஜி.ஆரின் தொப்பியும் நடனக்காரியின் பாதமும் போய்விடும். நாம் செய்யப்போவதில் இரு ஓரமும் கறுப்பாகத்தான் இருக்கும். வீட்டில் யாராவது 'திரை முழுக்க வரலையே' என்று கேட்பார்கள். கேட்கட்டும்.

இனி தேடல். இந்த வேலையில் பாதிக்கு மேல் இதுதான், சுவாரசியமும் இதில்தான். தாம்பரம் பக்கத்துச் செம்பாக்கத்தில் இருப்பவருக்கு ஒரு வசதி, பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தை பக்கத்தில் இருக்கிறது. காலையிலேயே போய்விடுங்கள். பழைய ரேடியோ, டேப் ரிக்கார்டர், விசிஆர் விற்கிறவர்களிடம் கேசட் குவியல் இருக்கும். படத்தின் பெயர் எழுதியதை மட்டும் தேடாதீர்கள். 'ஞாயிறு படம்' என்று பேனாவில் கிறுக்கிய கேசட்டில் எந்தப் படமும் இருக்கலாம். தூர்தர்ஷனில் ஓடியதை யாரோ பதிந்து வைத்திருப்பார்கள். கடையில் வந்த விசிடியும் டிவிடியும் வேண்டும். அவற்றில் மூலையில் கம்பெனி முத்திரை இருக்கும், ஆனால் ஒன்றில் இல்லாத காட்சி மற்றொன்றில் இருக்கக்கூடும்.

ஒலிக்குத் தனியாகத் தேடுங்கள். பாட்டு இசைத்தட்டு எல்லாருக்கும் தெரியும். அதைவிடப் பயனுள்ளது ஒலிச்சித்திரம். வானொலியில் முழுப் படத்தின் வசனத்தையும் பாட்டையும் சுருக்கி ஒலிபரப்பியதை எண்பதுகளில் வீட்டுக்கு வீடு கேசட்டில் பதிந்தார்கள். படம் அறுந்துபோன இடத்தில் வசனம் என்ன என்று அது சொல்லும்.

பாட்டுப் புத்தகத்தை மறக்க வேண்டாம். கொட்டகை வாசலில் விற்ற அந்த மெல்லிய புத்தகத்தில் கதைச் சுருக்கமும், நடித்தவர் பட்டியலும், படத்தில் இருந்த பாட்டெல்லாம் வரிசையாகவும் இருக்கும். உங்கள் பிரதியில் ஒரு பாட்டுக் குறைந்தால் அங்கே பிடிபடும். தரமணி ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் இத்தகைய புத்தகங்கள் இருக்கின்றன. செம்பாக்கத்திலிருந்து மேடவாக்கம், வேளச்சேரி வழியாகப் போனால் ஒரே நேர்வழி.

படச்சுருள் தேடுவதானால் ஆட்களைத் தேட வேண்டும். அண்ணா சாலையை ஒட்டிய மீரான் சாகிப் தெருவில் ஒரு காலத்தில் விநியோகஸ்தர் அலுவலகம் இல்லாத கட்டடமே கிடையாது. அங்கே வேலை பார்த்தவர்கள், டூரிங் டாக்கீஸ் நடத்தியவர்கள், ஓய்வு பெற்ற ஆபரேட்டர்கள் ஆகியோரிடம் பேசுங்கள். 'சார், உங்ககிட்ட பிரிண்ட் இருக்கா?' என்று எடுத்ததும் கேட்டால், விலை பேச வந்தவர் என்று நினைத்துக் கதவைச் சாத்திவிடுவார்கள். 'ஐயா, அந்தப் படம் உங்க கொட்டகையில எத்தனை வாரம் ஓடுச்சு?' என்று தொடங்கினால் டீ வரும், அதன் பிறகு பெட்டி வரும். எம்.ஜி.ஆர். படத்துக்கு இதில் ஓர் அனுகூலம்: அவர் படங்கள் திரும்பத் திரும்ப ஓடிக்கொண்டே இருந்ததால் பிற்காலத்திலும் பிரிண்ட் போட்டார்கள். மற்ற பல படங்களின் கறுப்பு வெள்ளைச் சுருள்கள் வெள்ளிக்காகப் பழைய சாமான்காரரிடம் எடைக்குப் போய்விட்டன.

சின்ன வயதில் கொட்டகைக்குப் பின்னால் பொறுக்கிய பிலிம் துண்டுகளைத் தண்ணீர் நிரப்பிய பல்புக்கு முன்னால் பிடித்துச் சுவரில் படம் காட்டியவர்கள் இதை வாசிப்பவர்களில் இருப்பீர்கள். அந்தத் துண்டுகளையும் எறியாதீர்கள். அறுந்த இடத்தில் ஆபரேட்டர் வெட்டி எறிந்த நாலு ஃப்ரேம் என்பது, எல்லாப் பிரதியிலும் காணாமல் போன நாலு ஃப்ரேமாக இருக்கலாம்.

பெட்டி கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். திறந்ததும் முகர்ந்து பாருங்கள். காடி நெடி அடித்தால் அசிடேட் பிலிம் சிதையத் தொடங்கிவிட்டது என்று பொருள். அந்த நெடியே பக்கத்துச் சுருளையும் கெடுக்கும். உடனே தனியாக வையுங்கள். அடுத்து ஓரத்தைப் பாருங்கள். ஓட்டைகளுக்கு வெளியே சிறிய எழுத்தில் பிலிம் கம்பெனியின் பெயர் ஓடும். 'சேஃப்டி' என்று இருந்தால் பயமில்லை. ஐம்பதுகளின் தொடக்கத்துக்கு முந்தைய சுருளில் 'நைட்ரேட்' என்று இருந்தால் வீட்டில் ஒரு நாள்கூட வைக்காதீர்கள். தண்ணீருக்குள் போட்டாலும் அணையாமல் எரிகிற சரக்கு அது. ஓரத்தில் 'இந்து' என்று இருந்தால் அது ஊட்டி இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் தயாரிப்பு. அந்த ஆலை உற்பத்தியைத் தொடங்கியது 1967-இல். ஆகவே 1963 படத்தின் சுருள் 'இந்து'வில் இருந்தால் அது முதல் வெளியீட்டுப் பிரிண்ட் ஆகாது, பின்னால் போட்டது. பயன்படாது என்று அர்த்தமில்லை, ஆனால் அதில் யாராவது காட்சியைக் குறைத்திருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும்.

பார்ப்பது எப்படி? அடியை அளந்துதான். 35 மி.மீ. பிலிமில் ஓர் அடிக்கு 16 ஃப்ரேம், நிமிடத்துக்கு 90 அடி. படத்தின் முகப்பில் வரும் சென்சார் சான்றிதழை நிறுத்தி வாசியுங்கள்: தேதி, ரீல் எண்ணிக்கை, நீளம் எல்லாம் அதில் இருக்கும். நீளம் மீட்டரில் இருந்தால் 27.4-ஆல் வகுத்தால் நிமிடம் கிடைக்கும். 4,500 மீட்டர் என்றால் 164 நிமிடம். உங்கள் பிரதி 150 நிமிடமே ஓடினால் பதினான்கு நிமிடம் எங்கே போயிற்று என்று தேட வேண்டியதுதான். தேதியும் முக்கியம். அந்தக் காலச் சான்றிதழ் பத்தாண்டுக்குத்தான் செல்லும். முகப்பில் எழுபதுகளின் தேதி இருந்தால், கையில் இருப்பது மறுவெளியீட்டு வடிவம்.

கைக்குப் பருத்தி உறை போட்டு, கையால் சுற்றும் ரீவைண்டரில் மெதுவாக ஓட்டிப் பாருங்கள். பழைய புரொஜெக்டரில் மாட்டி 'ஒரே ஒரு தடவை' ஓட்டிப் பார்க்கும் ஆசை எல்லாருக்கும் வரும். வேண்டாம். சுருங்கிய பிலிமின் ஓட்டைகளைப் பற்சக்கரம் கிழித்துவிடும். ஒவ்வோர் ஒட்டும் எந்த அடியில் இருக்கிறது என்று நோட்டில் குறியுங்கள். ஒவ்வொரு ரீலின் தொடக்கமும் முடிவும்தான் அதிகம் அடிபட்டிருக்கும்.

எங்கே வைப்பது என்பது தாம்பரம் பக்கத்துக்காரர்களுக்குத் தனிக் கேள்வி. பரணில் வைத்தால் மே மாதத்தில் மொட்டை மாடிச் சூடு இறங்கிப் பிலிம் வெந்துவிடும். தரைத்தளத்தில் வைத்தால் 2015 டிசம்பர் வெள்ளத்தை நினைத்துக்கொள்ளுங்கள். முதல் மாடி, உள்ளறை, சுவரிலிருந்து தள்ளி, தரையிலிருந்து உயர்த்தி, ஏ.சி. ஓடும் படுக்கையறை அலமாரி இருந்தால் இன்னும் நல்லது. ஐப்பசி, கார்த்திகையில் சிலிக்கா ஜெல்லை அடிக்கடி மாற்றுங்கள். டப்பாவைக் காற்றுப் புகாமல் டேப் போட்டு இறுக்க வேண்டாம். காடி நெடி உள்ளேயே தங்கிச் சிதைவை வேகப்படுத்தும்.

ஸ்கேன் வேலையை வீட்டில் செய்ய முடியாது. கேமராவை வைத்து ஃப்ரேம் ஃப்ரேமாகப் படம் எடுக்கிறேன் என்று இறங்குபவர்கள் பிலிமைக் கீறித்தான் முடிப்பார்கள். சென்னையிலேயே பிரசாத் நிறுவனம் இருக்கிறது. 2024-இல் கான் விழாவில் காட்டப்பட்ட 'மந்தன்' படத்தின் மீட்பு வேலை ஃபிலிம் ஹெரிட்டேஜ் ஃபவுண்டேஷனுக்காக அங்கே நடந்தது. அந்த அமைப்பின் திரைப்படப் பாதுகாப்புப் பயிலரங்கும் 2017-இல் சென்னையில், அதே வளாகத்தில் நடந்தது. எங்கே கொடுத்தாலும் பற்சக்கரம் இல்லாத ஸ்கேனரா என்று கேளுங்கள். சட்டகம் முழுவதையும், ஓரத்து ஒலித்தடம் உட்பட ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள். 2கே அளவில் ஒரு ஃப்ரேம் சுமார் 12.7 எம்பி, இரண்டரை மணி நேரப் படத்துக்கு 2,16,000 ஃப்ரேம். மொத்தம் 2.7 டெராபைட்டைத் தாண்டும். இரண்டு ஹார்டு டிஸ்க் வாங்கிக்கொண்டு போங்கள். செலவு கனமானது, நண்பர்கள் நாலு பேர் பங்கு போட்டால்தான் கட்டும்.

பிரிண்டே கிடைக்காமல் விசிடியும் கேசட்டும் மட்டும் இருந்தாலும் வேலை உண்டு. அங்கே முதலில் சரிசெய்ய வேண்டியது வேகம். சினிமா நொடிக்கு 24 ஃப்ரேம். நம் தொலைக்காட்சி முறை 25. மாற்றும்போது படத்தை நூற்றுக்கு நாலு பங்கு வேகமாக ஓட்டிவிட்டார்கள். 150 நிமிடப் படம் 144 நிமிடத்தில் முடியும். கண்ணுக்குத் தெரியாது, காதுக்குத் தெரியும். சுருதி ஏறிவிடும்: ஒரு கட்டையில் பாடியது ஒன்றரைக் கட்டையை நெருங்கும். பானுமதியின் கனமான குரல் மெலிந்து கேட்டால் இதுதான் காரணம். இசைத்தட்டோடு ஒப்பிடலாம், ஆனால் தட்டுக்குத் தனியாகப் பாடிப் பதிவதும் உண்டு, ரிக்கார்டு பிளேயரின் வேகமும் நம்பிக்கையானதல்ல. இன்னொரு சாட்சி இருக்கிறது. வசனம் இல்லாத இடத்தை ஆடாசிட்டி என்ற ஒலி மென்பொருளில் திறந்து அலைவரிசைப் படத்தைப் பாருங்கள். அன்றைய ஸ்டூடியோ மின்சாரத்தின் இரைச்சல் 50 ஹெர்ட்ஸில் மெல்லிய கோடாக ஓடியிருக்க வேண்டும். அது 52-இல் தெரிந்தால் படம் வேகமாக்கப்பட்டது உறுதி. 24-க்கு இறக்குங்கள், சுருதி தானாக இறங்கும். இரைச்சலை நீக்குவது கடைசி வேலை. முதலிலேயே நீக்கிவிட்டால் இந்தச் சாட்சி போய்விடும்.

படத்தைச் சுத்தம் செய்ய டாவின்சி ரிசால்வ், வேப்பர்சிந்த் என்ற மென்பொருள்கள் இரண்டும் போதும், இலவசமாகவே கிடைக்கின்றன. இயக்கும் விதம் இணைப்பில் இருக்கிறது. இங்கே சொல்ல வேண்டியது, எதைத் துடைக்கலாம் என்பது. திரையில் தெரியும் கறுப்புப் புள்ளி இந்தப் பிரிண்டின் மேல் ஒட்டிய தூசி. வெள்ளைப் புள்ளி நெகட்டிவில் இருந்த தூசி, பிரிண்ட் போடும்போது அச்சாகி வந்தது. கறுப்பை யோசிக்காமல் துடையுங்கள். முதல் நாள் அது இல்லை. கொட்டகையில் 'மழை பெய்கிறது' என்று கத்தினார்களே, அந்தக் கோடுகளில் பெரும்பாலானவையும் ஓடி ஓடி வந்தவைதான், எடுத்துவிடலாம். வெள்ளையில் நிதானம் வேண்டும், விண்வெளிக் கதையில் இரட்டிப்பு நிதானம். கறுப்பு வானத்தில் வெள்ளைப் புள்ளி என்றால் அது நட்சத்திரமாகவும் இருக்கலாம். தானியங்கி நீக்கிக்கு இந்த வித்தியாசம் தெரியாது. ஒரு ஃப்ரேமில் வந்து அடுத்ததில் இல்லாததையெல்லாம் தூசி என்று எடுத்துவிடும். மின்னும் பொறியும், வேகமாக நகரும் நட்சத்திரமும், ஜிகினா உடையின் பளபளப்பும் சேர்ந்து போகும். இந்தக் காட்சிகளில் தானியங்கியை அணைத்துவிட்டுக் கையால் செய்யுங்கள்.

விண்கலத்தைத் தொங்கவிட்ட கம்பி தெரிந்தால் விட்டுவிடுங்கள். இரட்டை வேடக் காட்சியில் சட்டகத்தின் நடுவே மங்கிய கோடு தெரிந்தால் அதையும் விட்டுவிடுங்கள். தந்திரக் காட்சியை ஒரே பிலிமில் பாதி மறைத்து இரண்டு முறை எடுத்த கேமராக்காரரின் கைவேலை அது. கணினியில் அதை மறைப்பவர் அவர் வேலையை மறைக்கிறார்.

செயற்கை நுண்ணறிவு வைத்துப் பெரிதாக்கும் மென்பொருள்கள் பற்றி என் முடிவு: வேண்டாம். விசிடியின் 352-க்கு 288 புள்ளியில் இல்லாத கண்ணிமையை அது கற்பனையில் வரைகிறது. நம்பியாரின் முகம் மெழுகு பொம்மையாகிறது. பிலிமின் மணல் துகள் போன்ற நெளிவும் படத்தின் பகுதிதான். அது போனால் மீட்டது படமல்ல.

ஒரு காட்சி மோசமான பிரதியில் மட்டுமே இருந்தால் அதை அப்படியே வையுங்கள். 1927-இல் பெர்லினில் வெளியான 'மெட்ரோபொலிஸ்' சீக்கிரமே வெட்டிச் சுருக்கப்பட்டது. வெட்டிய பகுதிகளில் பெரும்பாலானவை 2008-இல் பியூனஸ் அயர்ஸ் அருங்காட்சியகத்தில் ஒரு 16 மி.மீ. பிரதியில் கிடைத்தன. 2010-இல் வெளியான மீட்பில் அந்தக் காட்சிகள் கீறலோடும், சட்டகம் குறைந்த ஓரத்தில் கறுப்புப் பட்டையோடும்தான் வருகின்றன. எது எங்கிருந்து வந்தது என்று பார்ப்பவருக்குத் தெரிகிறது. நீங்களும் ஒவ்வொரு காட்சிக்கும் எந்தப் பிரதி, என்ன மாற்றினீர்கள், ஏன் என்று ஒரு கோப்பில் எழுதி வையுங்கள். உங்களைவிட நல்ல பிரிண்ட் நாளை வேறொருவருக்குக் கிடைக்கும். அவர் உங்கள் வேலையில் எதை நம்பலாம் என்று அந்தக் கோப்புதான் சொல்லும்.

முடித்ததும் மூன்று பிரதி எடுங்கள். ஒன்று வீட்டில், ஒன்று வேறு ஊரில் இருக்கும் உறவினரிடம், ஒன்று புனேயில் உள்ள தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்துக்குக் கடிதம் எழுதிக் கேட்டு அவர்கள் சொல்லும் முறைப்படி. அந்தக் காப்பகம் தொடங்கியது 1964-இல். 'கலை அரசி' வெளியானபோது படத்தைப் பத்திரப்படுத்த அப்படி ஓர் இடமே நாட்டில் இல்லை. அதனால்தான் பழைய சுருள்கள் வீடுகளில் கிடக்கின்றன. உங்கள் வீட்டில் தாத்தாவோ மாமாவோ ஆபரேட்டராக இருந்து, தகரப் பெட்டி ஒன்று மிஞ்சியிருந்தால், பழைய பேப்பர்காரரைக் கூப்பிடுவதற்கு முன்னால் மூடியில் எழுதியிருக்கும் படத்தின் பெயரை ஒருமுறை வாசித்துவிடுங்கள்.